பூசத்துக் கொத்து: எம் 44-ஐ நிறம் கெடாமல் படம் எடுப்பது

விண்மீன் கொத்தைப் படம் எடுப்பது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். பொருள் வெளிச்சமானது, சிறப்பு ஃபில்டர் வேண்டாம், இரவு முழுக்க எக்ஸ்போஷர் வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நெபுலா எனும் வாயு மேகத்தின் படத்தில் விண்மீன்கள் கொஞ்சம் நீண்டிருந்தாலும் வெளுத்திருந்தாலும் பார்ப்பவர் கண் வாயுவின் பக்கம் போய்விடும். கொத்தில் விண்மீனைத் தவிர வேறொன்றும் இல்லை. வட்டமான புள்ளியும் அதன் நிறமும் மட்டுமே அங்கே படம். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த இரண்டையும் காப்பாற்றுவதற்கானவை.

எடுத்துக்கொண்ட கொத்து எம் 44, அதாவது மெஸ்ஸியே பட்டியலின் 44-ஆம் பொருள். கடகத்தில், பூச நட்சத்திரமாகச் சொல்லப்படும் காமா, டெல்டா, தீட்டா கேங்கிரி விண்மீன்களை ஒட்டி இருக்கிறது. வல ஏற்றம் (வானத்தின் தீர்க்கரேகை) 8 மணி 40 நிமிடம், நடுவரை விலக்கம் (வானத்தின் அட்சரேகை) +19 டிகிரி 40 ஆர்க் நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒன்று). தூரம் 600 ஒளியாண்டுக்குச் சற்று மேல், வயது 60 முதல் 70 கோடி ஆண்டு. வெறும் கண்ணுக்கு மங்கலான திட்டாகத் தெரிவதைத் தொலைநோக்கியில் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் பார்த்து 1610-இல் வெளியிட்டவர் கலிலியோ.

இதைத் தேர்ந்தெடுக்க வயதே காரணம். கார்த்திகைக் கொத்து இளையது. அதன் பிரகாசமான விண்மீன்கள் எல்லாம் நீலம். எம் 44-இல் மிக நீலமானவை எரிந்து முடிந்துவிட்டன. மிஞ்சியவை வெள்ளை விண்மீன்கள், அவற்றுக்கு நடுவே சில ஆரஞ்சுப் பெருவிண்மீன்கள். 6.4 ஒளியளவுள்ள (எண் கூடக் கூட மங்கல்) 39 கேங்கிரி ஆரஞ்சு; அதன் பக்கத்திலேயே உள்ள 40 கேங்கிரி நீலம் கலந்த வெள்ளை. இந்த ஜோடிதான் நமக்கு உரைகல். முடிந்த படத்தில் இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரிலோ செயலாக்கத்திலோ நிறம் தொலைந்துவிட்டது என்று பொருள்.

எந்த நாள், எந்த நேரம்

தைப்பூசத்தன்று ஏறக்குறைய முழுநிலவு இந்தக் கொத்தின் அருகிலேயே நிற்கும். அந்த வாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மாசி, பங்குனி அமாவாசைகளை ஒட்டிய இரவுகள் தமிழ்நாட்டில் இதற்கு மிகப் பொருத்தம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கோடை இடிமழை இன்னும் தொடங்கியிருக்காது. கொத்து சூரியப் பாதையிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் இருப்பதால் கோள்களும் இதன் வழியே போகும். வியாழனோ செவ்வாயோ அருகில் இருந்தால் அதன் ஒளிவட்டம் படத்தின் ஒரு பக்கத்தை விழுங்கிவிடும் என்பதால், ஸ்டெல்லேரியம் எனும் வானவரைபட மென்பொருளில் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மார்ச் நடுவில் எம் 44 இரவு 9.30 வாக்கில் உச்சிக்கோட்டை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் கோடு) கடக்கிறது. சென்னையில் அப்போது அதன் உயரம் 83 டிகிரி, மதுரையில் 80. இவ்வளவு உச்சியில் கேமராவின் பின்புறம் முக்காலியின் காலில் இடிக்கும் வாய்ப்பு அதிகம். நடுவில் மவுண்ட்டை, அதாவது குழாயைத் தாங்கி வானத்தோடு சுழற்றும் கருவியை, மறுபக்கம் திருப்பவும் வேண்டியிருக்கும். உச்சியைக் கடந்து கால் மணி நேரம் கழித்து, மேற்குப் பக்கத்தில் தொடங்குவதே நல்லது. அங்கிருந்து 3 மணி நேரம் போனாலும் கொத்து 40 டிகிரிக்கு மேலேயே இருக்கும். மொத்த வேலைக்கு 2 மணி நேரம் போதும், திருப்பவே வேண்டியதில்லை.

குழாயும் கேமராவும்

கொத்தின் அகலம் சுமார் 95 ஆர்க் நிமிடம், அதாவது முழுநிலவைப் போல மூன்று மடங்கு. சுற்றிலும் கொஞ்சம் வெற்று வானம் இருந்தால்தான் அது கொத்தாகவே தெரியும். 480 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் (தொலைநோக்கியில்) ஏ.பி.எஸ்.-சி எனும் நடுத்தர அளவு சென்சாருக்கு 2.66 × 1.78 டிகிரி புலம் (படத்தில் விழும் வானப்பரப்பு) கிடைக்கிறது, கச்சிதம். 750 மி.மீ. நியூட்டன் வகை ஆடித் தொலைநோக்கியில் புலம் 1.7 × 1.14 டிகிரிக்குச் சுருங்கி ஓரங்கள் வெட்டுப்படும். 2000 மி.மீ. குழாய் இதற்கு ஆகவே ஆகாது, நடுவில் நாலைந்து விண்மீன்தான் வரும்.

ஆக அமைப்பு இது: 80 மி.மீ. விட்டம், எஃப் 6 (குவியத் தூரம் விட்டத்தைப் போல ஆறு மடங்கு), ஈ.டி. (நிறச்சிதறல் குறைந்த கண்ணாடி) இரட்டை லென்ஸ் குழாய், அளவைக் குறைக்காத ஃபீல்டு ஃபிளாட்டனர் (ஓர விண்மீன்களையும் கூர்மையாக்கும் லென்ஸ்), மாற்றம் எதுவும் செய்யாத கேனன் 600டி, கைடிங் (ஒரு விண்மீனைக் கண்காணித்து நகர்வைத் திருத்துவது) வசதியுள்ள, வானத் துருவத்தை நோக்கிய அச்சில் சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட், 50 மி.மீ. கைடுஸ்கோப்பும் ஒரு சிறு கைடு கேமராவும். 4.3 மைக்ரான் பிக்சலுக்கு ஒரு பிக்சல் 1.85 ஆர்க் நொடி (ஆர்க் நிமிடத்தில் அறுபதில் ஒன்று). வேறு குழாய், வேறு கேமரா என்றால் பிக்சல் அளவை 206-ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் உங்கள் எண் கிடைத்துவிடும்.

ஃபிளாட்டனருக்கும் சென்சாருக்கும் இடைவெளி பெரும்பாலானவற்றில் 55 மி.மீ. கேனனுக்குள் 44, கேமராவைக் குழாயோடு இணைக்கும் டி-ரிங்கில் 11, சரியாகப் பொருந்தும். நடுவே ஏதாவது ஃபில்டர் செருகினால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூலை விண்மீன்கள் மையத்தை நோக்கி நீண்டிருந்தால் சென்சார் மிக அருகில் இருக்கிறது. மையத்தைச் சுற்றி வளைந்து நீண்டிருந்தால் மிகத் தள்ளி இருக்கிறது. அரை மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் வளையங்களைச் செருகி ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் அது சாய்வு. கேமராவை 90 டிகிரி சுழற்றி மறுபடி எடுங்கள். கெட்ட மூலை படத்தில் அதே இடத்தில் இருந்தால் கோளாறு கேமரா பக்கம். இடம் மாறினால் ஃபோகஸர் தொங்குகிறது.

மவுண்ட்: நம் அட்சரேகையின் தொல்லைகள்

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் 40, 50 டிகிரி அட்சரேகையில் எழுதப்பட்டவை. சென்னை 13 டிகிரி, கோயம்புத்தூர் 11, யாழ்ப்பாணம் 9.7, கன்னியாகுமரி 8. இங்கே மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, மவுண்ட்டின் துருவ அச்சு கிட்டத்தட்டப் படுத்திருக்கும். எதிர்எடைத் தண்டு நேர் கீழே தொங்கி முக்காலியின் வடக்குக் காலில் முட்டும். இரண்டு கால்களை வடக்கேயும் ஒன்றைத் தெற்கேயும் வைத்தால் எடை இரண்டுக்கும் நடுவே தொங்கும். அசிமுத் முளையை (மவுண்ட்டை இடவலமாகத் திருப்பும் திருகுகள் பிடிக்கும் முளை) அதற்கேற்ப இடம் மாற்ற வழியில்லாத மவுண்ட்டில் ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டுத்தான் தீர வேண்டும். வாங்கும் முன்பே கையேட்டில் குறைந்தபட்ச அட்சரேகை எத்தனை என்று பாருங்கள்.

இரண்டாவது, துருவ நட்சத்திரம் தென்னை மர உயரத்தில்தான் இருக்கும். பக்கத்து மாடியோ தூசிப் படலமோ மறைத்துவிட்டால் விண்மீன் நகர்வதைப் பார்த்து அச்சைச் சரிசெய்யும் டிரிஃப்ட் முறைதான் கைகொடுக்கும். உச்சிக்கோட்டில், வான நடுவரைக்கு அருகே ஒரு விண்மீனைப் பிடியுங்கள்: அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகமாகத் திரும்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கில் தாழ ஒரு விண்மீன்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று இடம் பிடித்துக் கணக்கிடும் மென்பொருள் இருந்தால் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் காற்று மண்டலம் ஒளியைச் சுமார் 5 ஆர்க் நிமிடம் மேலே வளைத்துக் காட்டுகிறது. அச்சுக்குள் இருக்கும் சிறு போலார் ஸ்கோப்பில் துருவ நட்சத்திரத்தை அச்சு அசலாகக் குறியில் வைத்தாலும், உண்மையான துருவத்துக்கு 5 நிமிடம் மேலேதான் அச்சு நிற்கும். இதனால் வரும் நகர்வு ஒரு நிமிட எக்ஸ்போஷரில் அதிகபட்சம் 1.3 ஆர்க் நொடி, ஒரு பிக்சலுக்குக் கீழே. கைடிங் இருந்தால் இது பிரச்சினையே இல்லை. கைடிங் இல்லாமல் எடுப்பவர்களுக்கும் இதைவிடப் பெரிய எதிரி பல்சக்கரத்தின் சுழற்சிப் பிழை. அவர்கள் 20, 30 நொடியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

கைடு எக்ஸ்போஷர் 2 நொடி. மொத்த ஆர்.எம்.எஸ். (சராசரி நகர்வு) பிழை 1 ஆர்க் நொடிக்குள் இருந்தால் போதும். அதற்குக் கீழே இறக்க மெனக்கெடுவதில் இந்த அளவுப் பிக்சலுக்குப் பயனில்லை.

ஃபோகஸ்

எஃப் 6-இல் ஃபோகஸ் தாங்கும் எல்லை மொத்தமாகவே 0.1 மி.மீ. அளவுதான். பாஹ்டினோவ் மாஸ்க் (குழாய் வாயில் பொருத்தினால் விண்மீனில் மூன்று கோடு காட்டும் வெட்டுத்தகடு) கட்டாயம். பக்கத்திலுள்ள பொலக்ஸைப் பிடிக்கத் தோன்றும், ஆனால் அது ஆரஞ்சு. ஈ.டி. இரட்டை லென்ஸில் நீலமும் சிவப்பும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. ஆரஞ்சு விண்மீனில் ஃபோகஸ் வைத்தால் கொத்திலுள்ள வெள்ளை விண்மீன்களைச் சுற்றி ஊதா வளையம் தடிக்கும். வெண்மையான புரோசியானைப் பிடியுங்கள். லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, நடுக்கோடு மற்ற இரண்டு கோடுகளுக்குச் சரியாக மத்தியில் வந்ததும் பூட்டுத் திருகை இறுக்கி, மறுபடியும் பாருங்கள். பூட்டும்போதே ஃபோகஸ் நகர்ந்துவிடும் ஃபோகஸர்கள் நிறைய உண்டு.

480 மி.மீ. அலுமினியக் குழாய் 5 டிகிரி குளிர்ந்தால் 0.055 மி.மீ. சுருங்குகிறது. தாங்கும் எல்லையில் பாதி அதிலேயே போய்விடும். சமவெளியில் மணிக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். ஏற்காடு, ஜவ்வாது போன்ற மலைகளில் முன்னிரவில் அரை மணிக்கு ஒருமுறை. மாஸ்க்கைக் கழற்ற மறந்து பத்துப் படம் போவது எல்லாருக்கும் நடக்கும். அதன் உறையைக் கண்ணெதிரே மவுண்ட்டில் தொங்கவிடுங்கள். உறை காலியாக இருந்தால் மாஸ்க் இன்னும் குழாயில் இருக்கிறது.

எக்ஸ்போஷர்: இங்கேதான் நிறம் தப்பிக்கிறது அல்லது தொலைகிறது

ஒரு பிக்சல் நிரம்பிவிட்டால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச எண்ணில் போய் நிற்கும். அதற்குப் பிறகு அந்த விண்மீன் ஆரஞ்சா வெள்ளையா என்ற தகவலே கோப்பில் கிடையாது. எந்த மென்பொருளும் அதை மீட்காது.

தோராயமாகக் கணக்கிடுவோம். கொத்திலேயே பிரகாசமான எப்சிலான் கேங்கிரி 6.3 ஒளியளவு. 80 மி.மீ. குழாயில், சாதாரணக் காற்றமைதியில், அதன் நடுப் பிக்சலில் ஒளி உண்டாக்கும் எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒன்பதாயிரம் அளவுக்குச் சேரும். இந்தத் தலைமுறை கேனன் சென்சார் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் அமைப்பு) 100-இல் 25,000-க்குச் சற்று மேல் கொள்ளும், ஐ.எஸ்.ஓ.வை இரட்டிக்க இரட்டிக்க அந்தக் கொள்ளளவு பாதி பாதியாகக் குறையும். ஆக ஐ.எஸ்.ஓ. 800-இல் அந்த விண்மீன் ஒரு நொடிகூடத் தாங்காது. பழக்கத்தில் எல்லாரும் வைக்கும் ஐ.எஸ்.ஓ. 1600, 2 நிமிடம் என்ற அமைப்பு இந்தக் கொத்தின் பெயர்பெற்ற விண்மீன் அத்தனையையும் வெள்ளைப் பொட்டாக்கிவிடும்.

எனவே இரண்டு தொகுப்பு:

நீண்ட தொகுப்பு: ஐ.எஸ்.ஓ. 400, 60 நொடி, 90 படம். இதில் சுமார் 11 ஒளியளவு வரையிலான விண்மீன்கள் நிரம்பிவிடும். அதற்கு மங்கலானவை நிறத்தோடு வரும்.

குறுகிய தொகுப்பு: ஐ.எஸ்.ஓ. 100, 2 நொடி, 150 படம். பிரகாசமானவற்றின் நிறம் இங்கிருந்துதான் வரப்போகிறது. எல்லாம் சேர்த்து 5 நிமிட எக்ஸ்போஷர்தான், ஆனால் படத்தின் உயிர் இதில் இருக்கிறது.

குறுகிய தொகுப்பில் ஒரு கண்ணி: கேமராவின் கண்ணாடி எழும்பும் அதிர்வு 60 நொடிப் படத்தில் தெரியாது, 2 நொடிப் படத்தில் விண்மீனை இழுத்துவிடும். மிரர் லாக்-அப் போட்டு 2 நொடி தாமதம் வையுங்கள், இல்லாவிட்டால் லைவ் வியூவிலிருந்தே எடுங்கள். கேமராவுக்குள் இருக்கும் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பை அணைத்துவிடுங்கள், அது பாதி இரவைத் தின்றுவிடும். கோப்பு ரா வடிவில் மட்டும்.

நகர வெளிச்சத்தில் 60 நொடிப் படத்தின் ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நேரத்தை 30 நொடியாகக் குறைத்து எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். ஐ.எஸ்.ஓ.வைத் தொடாதீர்கள். ஒளிமாசு ஃபில்டர் போடவே வேண்டாம்: அது நிறமாலையின் நடுவே ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடும், ஆரஞ்சுப் பெருவிண்மீன்களின் சாயல் திரும்ப வராது.

மூன்று நீண்ட படத்துக்கு ஒருமுறை டித்தர், அதாவது குழாயைச் சற்றே நகர்த்துவது. பிரதான கேமராவில் 10 பிக்சலுக்குக் குறையாத நகர்வு. நம் வெப்பநிலையில் இது விருப்பத் தேர்வு அல்ல. 26 டிகிரி இரவில் குளிரூட்டி இல்லாத சென்சாரில் சூடான பிக்சல்கள் ஏராளம். நெபுலாப் படத்தில் அவை வெறும் குப்பை. கொத்தின் படத்திலோ சிவப்பு, நீலக் குட்டி விண்மீனாக வேடம் போட்டு நிற்கும், பிரித்தறிவதும் கடினம். டித்தர் செய்தால் அவை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழுந்து, அடுக்கும்போது கழிந்துபோகும்.

பனி

கடற்கரை ஊர்களில் நள்ளிரவுக்கு முன்பே முன்கண்ணாடி வேர்த்துவிடும். 470 ஓம், அரை வாட் மின்தடை 16-ஐ இணையாகப் பற்றவைத்து, துணிப் பட்டையில் தைத்து, லென்ஸைச் சுற்றிக் கட்டினால் 12 வோல்ட்டில் சுமார் 5 வாட் வெப்பம் தரும். இழுக்கும் மின்சாரம் 0.4 ஆம்பியர். 80 மி.மீ. குழாய்க்கு இது தாராளம். கைடுஸ்கோப்புக்கு 6 மின்தடை போதும். வேர்த்த பிறகு துடைப்பதைவிட, தொடக்கத்திலிருந்தே ஓடவிடுங்கள்.

திருத்தப் படங்கள்

டார்க் (சென்சாரின் வெப்ப இரைச்சலைக் கழிக்க): நீண்ட தொகுப்புக்கு 25, அதே ஐ.எஸ்.ஓ., அதே 60 நொடி, கேமரா இன்னும் சூடாக இருக்கும்போதே மூடி போட்டு. மறுநாள் வீட்டுக்குள் எடுத்தால் வெப்பநிலை பொருந்தாது. குறுகிய தொகுப்புக்கு டார்க் தேவையில்லை, ஐ.எஸ்.ஓ. 100-இல் 50 பயாஸ் (மூடி போட்டு எடுக்கும் மிகக் குறுகிய படம்) போதும். ஃபிளாட் (ஓர இருட்டையும் தூசிப் புள்ளியையும் சரிக்கட்ட) 30: ஃபோகஸையும் கேமராக் கோணத்தையும் தொடாமல், குழாய் வாயில் இரண்டு மடிப்பு வெள்ளைத் துணி கட்டி, படம் வரையும் எல்.ஈ.டி. பலகையை அதன்மேல் வைத்து, ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்கும்படி. எக்ஸ்போஷர் நொடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருக்கட்டும். அதைவிட வேகமாகப் போனால் பலகையின் மினுக்கல் பட்டை பட்டையாகப் பதியும். ஃபிளாட்டுக்கான பயாஸ் ஃபிளாட் எடுத்த அதே ஐ.எஸ்.ஓ.வில்.

சிரிலில் சேர்ப்பது

சிரில் வானப் படங்களைச் செயலாக்கும் இலவச மென்பொருள். இரண்டு தொகுப்பையும் தனித்தனியே திருத்தி, சீரமைத்து, விலகி நிற்கும் மதிப்புகளைக் கழிக்கும் வின்சரைஸ்டு சிக்மா முறையில், 3, 3 என்ற வரம்பில் அடுக்குங்கள். அடுக்கும்போது வெளியீட்டை நார்மலைஸ் செய்யும் குறியை நீக்குங்கள். அது இருந்தால் ஒவ்வொரு படத்தையும் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நீட்டிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் சிதையும், அடுத்த படி முழுவதும் வீணாகும். கோப்பு 32 பிட்டில்.

கிடைத்த இரண்டு அடுக்கையும் ஒன்றோடொன்று சீரமையுங்கள். இப்போது விகிதம்: எக்ஸ்போஷர் 30 மடங்கு, ஐ.எஸ்.ஓ. 4 மடங்கு, மொத்தம் 120. ஐ.எஸ்.ஓ. எண்கள் அவ்வளவு துல்லியமானவை அல்ல என்பதால், இரண்டிலும் நிரம்பாத 12 ஒளியளவு விண்மீன்கள் சிலவற்றின் ஒளியை அளந்து உண்மையான விகிதத்தைக் கண்டுபிடிப்பது நல்லது. 115 வரலாம், 124 வரலாம், வந்ததைப் பயன்படுத்துங்கள்.

பிறகு நீண்ட அடுக்கில் நன்றாக நிரம்பிய ஒரு விண்மீனின் நடுவில் கர்சரை வைத்து மதிப்பைப் படியுங்கள். அதில் 80 சதவீதத்தை எல்லையாக வைத்து, பிக்சல் மேத் எனும் கணக்குக் கருவியில் ஒரே நிபந்தனை: நீண்ட அடுக்கின் மதிப்பு எல்லைக்கு மேல் இருந்தால் குறுகிய அடுக்கின் மதிப்பை அப்படியே எடு, இல்லையென்றால் நீண்ட அடுக்கின் மதிப்பை விகிதத்தால் வகுத்து எடு. பின்னணி நீக்கத்தை (வான வெளிச்சத்தைக் கழிப்பது) இதற்கு முன் செய்யக் கூடாது. செய்தால் இரண்டின் அடிமட்டமும் வேறாகி, விண்மீன்களின் நடுவே மோதிரம் போல ஒரு விளிம்பு தெரியும். அப்படித் தெரிந்தால் முதலில் விகிதத்தைச் சந்தேகியுங்கள், பிறகு எல்லையை 70 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள்.

இப்போது திரை கருப்பாகத்தான் தெரியும். அது இயல்பு, எல்லாத் தகவலும் அடியில் இருக்கிறது. இனிப் பின்னணி நீக்கம், முதல் படிநிலையில் மட்டும். நெபுலா இல்லாத புலத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. அடுத்துப் படத்துக்கு வான ஆயங்களைக் கணித்து, கையா விண்கலத்தின் விண்மீன் தரவை வைத்து நிறத்தைச் சரிசெய்யும் கருவியை ஓட்டுங்கள். வெள்ளைச் சமநிலையைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பல ஆயிரம் விண்மீன்களின் அளந்த நிறம் கையில் இருக்கும்போது ஊகத்துக்கு வேலையில்லை.

நீட்டுவதற்கு, அதாவது மங்கலானவை தெரியும்படி படத்தைப் பிரகாசமாக்குவதற்கு, ஏசின்எச் முறை. சாதாரண ஹிஸ்டோகிராம் நீட்டல் ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மேலே தள்ளி, கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய விண்மீன் மையங்களை மறுபடி வெளுக்கவைக்கும். ஏசின்எச் மூன்று நிறத்தின் விகிதத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு பிரகாசத்தை மட்டும் உயர்த்துகிறது. ஒரே தாவலாக இல்லாமல் இரண்டு மூன்று தவணையாக நீட்டி, கடைசியில் நிறச்செறிவைக் கொஞ்சம் கூட்டினால் போதும். விண்மீன் நீக்கும் கருவிகளும் கூர்மைப்படுத்தலும் இங்கே வேண்டாம். கூர்மை ஏற்றினால் ஒவ்வொரு விண்மீனையும் சுற்றிக் கருப்பு வளையம் விழும். செயற்கையாகச் சிலுவைக் கதிர்களைச் சேர்ப்பதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. லென்ஸ் குழாய் தராத ஒன்றைப் படத்தில் வரைவது அது.

எதைப் பார்த்து எதைத் திருத்துவது

படம் முழுக்க விண்மீன்கள் ஒரே திசையில் நீண்டிருந்தால் கைடிங். வல ஏற்றத் திசையில் என்றால் மவுண்ட்டின் சமநிலையைக் கிழக்குப் பக்கம் லேசாகக் கனமாக்குங்கள். நடுவரை விலக்கத் திசையில் என்றால் துருவ அச்சை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு விண்மீனும் இரட்டையாகத் தெரிந்தால் தொங்கும் கேபிளை யாரோ, எதுவோ இழுத்திருக்கிறது. பின்னணியில் சாய்வாக மழைக்கோடு போல ஓடினால் டித்தர் போதவில்லை. பிரகாசமான விண்மீன்களுக்கு மட்டும் ஊதா வளையம் என்றால் ஃபோகஸ் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. ஃபோகஸ் சரியாக இருந்தும் மெல்லியதாக மிஞ்சினால் அது லென்ஸின் இயல்பு, ஊதாவின் செறிவை மட்டும் சற்றுக் குறைக்கலாம்.

படம் சரியாக வந்திருந்தால் 39, 40 கேங்கிரி ஜோடி நிறத்தால் பிரியும். அதன் பிறகு முழு அளவில் பெரிதாக்கி, விண்மீன்களுக்கு இடையே உள்ள மங்கலான சிறு தீற்றல்களைத் தேடுங்கள். அவை தூசியல்ல, கொத்துக்கு வெகு பின்னால் இருக்கும் விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்), என்.ஜி.சி. பட்டியலின் 2624, 2625 இரண்டும் இந்தப் புலத்திலேயே இருக்கின்றன. இருண்ட மலையில் 90 நிமிடத்துக்கே அவை தெரியத் தொடங்கும், நகர மொட்டைமாடியில் இன்னொரு இரவின் படங்களையும் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்காகக் கேமராவைக் கழற்றும் முன் டி-ரிங்கிலும் ஃபோகஸரிலும் சேர்த்து ஒரு கோடு பென்சிலால் போட்டுவிடுங்கள், அடுத்த இரவும் அதே கோணம் கிடைக்கும். ஃபிளாட் மட்டும் ஒவ்வொரு இரவுக்கும் புதிதாக எடுக்க வேண்டும்.